645 அர்த்தங்களும் ஒரு 'ஓடுதா?'வும்

'ரன்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு 645 அர்த்தங்கள் என்ற தகவல் இணையத்தில் அடிக்கடி கண்ணில் படும். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர், அந்த ஒற்றைச் சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டி எடுத்த கணக்கு அது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் முதலிடம் 'செட்'டுக்கு, 430 அர்த்தங்கள். ஓரிடத்தில் வைப்பதைச் சொல்லும் வினையை ஓடும் வினை முந்திவிட்டது, காரணம் இயந்திர யுகம் என்று ஒரு விளக்கமும் உண்டு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அகராதிக்காரர் எங்கே கோடு கிழிக்கிறார் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். ஆறு ஓடுவதும் குழாயில் தண்ணீர் ஓடுவதும் ஒரு அர்த்தமா, இரண்டா? தவிர, 'ரன்'னின் ஜெர்மானிய வேரிலேயே ஓட்டமும் ஒழுக்கும் சேர்ந்திருந்தன. இன்றைய ஜெர்மன் மொழியில் 'ரென்னென்' என்றால் ஓடுவது, 'ரின்னென்' என்றால் ஒழுகுவது. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் வைத்துக்கொண்டது. கால் இல்லாததும் ஓடும் என்று ஒப்புக்கொள்ள அதற்கு நீராவி எஞ்சின் தேவைப்படவில்லை.

நம்ம 'ஓடு'வும் லேசுப்பட்டதில்லை. ஃபேன் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. எத்தனை அர்த்தம் என்று எண்ணிப் போட்டிக்குப் போவதைவிட, ஒரு சொல் எங்கே போக மறுக்கிறது என்று பார்ப்பது சுவாரசியம். மூக்கு நமக்கு ஒழுகும், ஓடாது. தேர்தலில் அமெரிக்கர் 'ஓடுகிறார்', பிரிட்டிஷ்காரர் 'நிற்கிறார்', நம்மூர் வேட்பாளரும் நிற்கத்தான் செய்கிறார். கம்பெனியை ஆங்கிலம் ஓட்டுகிறது, தமிழ் நடத்துகிறது. 'ஏதோ கடைய ஓட்டிட்டிருக்கேன்' என்று ஒருவர் சொன்னால் வியாபாரம் டல் என்று புரிந்துகொள்கிறோம்.

அதனால்தான் மென்பொருளில் 'ரன்' பொத்தானுக்கு 'ஓட்டு' பொருந்தவில்லை. வண்டி ஓட்டும் வாசனையும் பிழைப்பை ஓட்டும் அலுப்பும் அதில் ஒட்டியிருக்கின்றன. மொழிபெயர்ப்பில் 'இயக்கு' என்று எழுதுகிறோம். பிழையில்லாத சொல்தான், ஆனால் பக்கத்து சீட்காரரிடம் யாரும் 'இயக்கு' என்பதில்லை. 'ரன் பண்ணிப் பாரு' என்கிறோம். அவர் பண்ணியதும் நம் வாயில் தானாக வருவது: 'ஓடுதா?'

தொடங்கி வைக்கும் வினையைத்தான் கடன் வாங்கியிருக்கிறோம். ஓட்டம் நம்முடையதாகவே இருக்கிறது. 645இல் எந்த எண்ணும் இதைச் சொல்லாது.