வெள்ளைக்கல்லின் வெப்பக் கணக்கு

சேலத்தில் சேர்வராயன் மலையடிவாரத்துச் சுரங்கங்களில் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல்தான் மேக்னசைட். சூளையில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, மெக்னீசியம் ஆக்சைடு மிஞ்சும். அதிலிருந்து உருக்காலை உலைகளுக்கான வெப்பந்தாங்கும் செங்கல் பிறக்கும். சுடும்போது கல் எவ்வளவு வெப்பத்தை விழுங்குகிறது? அந்த அனலில் நேராக அளப்பது பெரும்பாடு. வேதியியல் காட்டும் சுற்றுவழியோ அத்தனை அழகு! பச்சைக் கல்பொடியையும் சுட்ட பொடியையும் ஒரே மோல் அளவில், தனித்தனியே, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைக்க வேண்டும். இரண்டும் ஒரே கரைசலில் முடிவதால், முதல் கரைத்தலின் என்தால்பி (வெப்ப) மாற்றத்திலிருந்து இரண்டாவதைக் கழித்தால் விடை. தொடக்கமும் முடிவும் மாறாதவரை, எந்த வழியில் போனாலும் மொத்த வெப்பம் ஒன்றே என்று 1840-இல் வேதியியலாளர் ஹெஸ் கண்ட விதி இது. சூளையின் கணக்கைக் குளிர்ந்த குவளையில் முடிக்கும் இந்த நேர்த்திக்கு ஈடில்லை. ஒரு மோல், அதாவது 84 கிராம் தூய கல்லைச் சுடச் சுமார் 100 கிலோஜூல் தேவை.