ஐங்கோண விலக்குச் சடங்கு: நான்கு திசைகளும் நடுவில் நிற்பவரும்

ஐங்கோண விலக்குச் சடங்கு என்பது மேலைநாட்டுச் சடங்குமுறை மந்திர மரபில் புதிதாகச் சேருகிறவருக்கு முதலில் கற்றுத்தரப்படும் தினப் பயிற்சி. 1888இல் லண்டனில் வெஸ்ட்காட், மேதர்ஸ், உட்மன் ஆகிய மூவர் தொடங்கிய ‘கோல்டன் டான்’ கழகம் (தமிழில் பொன்விடியல் எனலாம்) இதைத் தன் புதுமுக உறுப்பினர்களுக்குக் கொடுத்தது. இரகசியம் காப்பதாக உறுதிமொழி எடுத்துக்கொண்டே அக்கழகத்தில் சேர வேண்டும். ஆனாலும் அலிஸ்டர் குரோலி 1909இல் தம் இதழில் இதை வெளியிட்டார். பிறகு இஸ்ரேல் ரெகார்டி 1937 முதல் 1940 வரை வெளியிட்ட நான்கு தொகுதிகளில் கழகத்தின் சடங்குகளையே அச்சேற்றிவிட்டார். இன்று கைபேசி வைத்திருக்கும் எவரும் இதைப் பார்த்துச் செய்யலாம்.

அப்படிச் செய்தவன்தான் என்னிடம் அருப்புக்கோட்டையில் பத்தாம் வகுப்பு படித்த ஒரு பையன். இப்போது கல்லூரி மாணவன். விடியற்காலையில் மொட்டை மாடியில் நின்று அவன் காற்றில் விரலால் கோடு போடுவதைப் பார்த்த அவன் அம்மா, யாரோ செய்வினை சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் என்று பயந்து, அவனுடைய நோட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். “சார், இதுல நம்ம சாமி பேரு ஒண்ணுகூட இல்லையே” என்பதுதான் அவருடைய முதல் கவலை. பையன் சொன்னது வேறு. இது நம்முடைய திக்பந்தனத்தைப் பார்த்து வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டது, ஆகவே தாராளமாகச் செய்யலாம் என்றான். இருவர் சொன்னதும் சரியில்லை என்று எனக்குப் பட்டது. ஏன் என்பதை விளக்கவே இக்கட்டுரை.

சடங்கின் அமைப்பு

சடங்கு நான்கு பகுதிகள் கொண்டது. முதல் பகுதியில் செய்பவர் கிழக்கு நோக்கி நின்று நெற்றி, மார்பு, வலத்தோள், இடத்தோள் என்று தொட்டுத் தம் உடம்பின்மேல் ஒரு சிலுவை வரைகிறார். ஒவ்வொரு தொடலுக்கும் ஓர் எபிரேயச் சொல் உண்டு. நீர், அரசு, வல்லமை, மகிமை, என்றென்றும் என்பவை அவற்றின் பொருள். மிஷன் பள்ளியில் படித்தவர்களுக்கு இது புதிதாக இராது. காலை வழிபாட்டில் சொன்ன கர்த்தர் கற்பித்த ஜெபத்தின் முடிவுதான் இது. வானளவு உயர்ந்த ஓர் உருவமாகத் தம்மைப் பாவித்துக்கொண்டு, மேலிருந்து ஒளி இறங்குவதாக நினைத்து இதைச் செய்ய வேண்டும் என்பது மரபு.

இரண்டாம் பகுதிதான் சடங்குக்குப் பெயர் கொடுத்தது. நான்கு திசைகளிலும் ஐந்து முனை நட்சத்திரத்தைக் கையெடுக்காமல் காற்றில் வரைகிறார்கள். உச்சி முனை ஆன்மாவுக்கு. மற்ற நான்கும் மண், நீர், நெருப்பு, காற்று. இடப்பக்கக் கீழ்முனையாகிய மண்ணில் தொடங்கிக் கோட்டை உச்சிக்கு ஏற்றினால் அது விலக்கும் வடிவம்; உச்சியிலிருந்து மண்ணுக்கு இறக்கினால் அழைக்கும் வடிவம். ஒரே உருவம், கோடு போகும் போக்கை வைத்துப் பொருள் மாறுகிறது. எழுத்துப் பழக்கும் ஆசிரியர்களுக்கு இது எளிதில் பிடிபடும். ‘அ’வை எங்கே தொடங்கி எப்படிச் சுழிப்பது என்று ஒன்றாம் வகுப்பில் கைபிடித்துச் சொல்லிக்கொடுப்பவர்கள் அல்லவா நாம்.

ஒவ்வொரு நட்சத்திரத்தின் நடுவிலும் ஒரு கடவுட்பெயர் அதிர உச்சரிக்கப்படுகிறது. கிழக்கில் யூதர்கள் வாய்விட்டுச் சொல்லாத நான்கெழுத்துப் பெயர். தெற்கில் ஆண்டவர் என்று பொருள்படும் அதோனாய். மேற்கில் எஹியே, நான் இருக்கிறேன் என்று பொருள். வடக்கில் ஆக்லா, நான்கு சொற்கள் கொண்ட ஒரு துதியின் முதலெழுத்துகளைச் சேர்த்துச் செய்த சொல் அது.

மூன்றாம் பகுதியில் இரண்டு கைகளையும் விரித்து நின்று, முன்னே இரபேல், பின்னே கபிரியேல், வலப்பக்கம் மிக்கேல், இடப்பக்கம் ஊரியேல் என்று நான்கு தலைமைத் தூதர்களை நிறுத்துகிறார்கள். சுற்றிலும் ஐங்கோணங்கள் எரிகின்றன என்றும் நடுவில் ஆறுமுனை நட்சத்திரம் ஒளிர்கிறது என்றும் சொல்கிறார்கள். பிறகு முதலில் செய்த சிலுவையை மறுபடி செய்து முடிக்கிறார்கள்.

பையனின் அம்மாவைப் பயமுறுத்தியது அந்த ஐங்கோணம். சினிமாவில் அதைச் சாத்தானின் குறியாகக் காட்டுகிறார்கள். ஆனால் ஐரோப்பாவின் இடைக்கால இலக்கியத்தில் அது கிறிஸ்துவின் ஐந்து காயங்களையும் நினைவுபடுத்தும் நல்ல சின்னமாக வருகிறது. தலைகீழாக வரைந்தால் தீமை என்ற கருத்தைப் பரப்பியவர் எலிபாஸ் லெவி என்ற பிரெஞ்சுக்காரர், 1850களில். அப்படிப் பார்த்தால் அந்தப் பயத்துக்கு வயது இருநூறுகூட ஆகவில்லை.

கடன் வாங்கியதா?

பையனின் வாதத்துக்கு வருவோம். ஒற்றுமை கண்கூடு. சைவ பூசைமுறையில் இருதயம், சிரசு, சிகை, கவசம், நேத்திரம், அஸ்திரம் என்று அங்கநியாசம் செய்து, விரலைச் சொடுக்கித் திசைகளைக் கட்டிய பிறகே பூசை தொடங்கும். முதலில் உடம்பு, பிறகு திசை, அதன் பிறகுதான் செயல். அதே வரிசை அங்கும் இருக்கிறது. ஆறுமுனை நட்சத்திரம் என்றதும் ‘சரவணபவ’ என்ற ஆறெழுத்தும் பொறித்த முருகன் சக்கரம் நம் நினைவுக்கு வராமல் போகாது.

ஆனால் எடுத்துக்கொண்டதென்றால் திசைக்கணக்கு ஒத்துவர வேண்டும். அவர்களுக்குக் கிழக்கு காற்று, தெற்கு நெருப்பு, மேற்கு நீர், வடக்கு மண். நமக்கு அக்கினி தென்கிழக்கு, வாயு வடமேற்கு, தெற்கு யமனுடையது, கிழக்கு இந்திரனுடையது. மேற்கும் வருணனும் மட்டுமே பொருந்துகின்றன. நான்கில் ஒன்று பொருந்துவதை வைத்து விடைத்தாளில் நான் மதிப்பெண் போட்டதில்லை. மேலும் நமக்குத் திசை எட்டு, மேலும் கீழும் சேர்த்தால் பத்து. அவர்கள் நான்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தூதர்களை நிறுத்தும் பகுதிக்கு மிக அருகில் இருப்பது, யூதர்கள் இரவு படுக்கப்போகும்போது சொல்லும் வேண்டுதல். வலத்தில் மிக்கேல், இடத்தில் கபிரியேல், முன்னே ஊரியேல், பின்னே இரபேல், தலைக்கு மேல் இறைவனின் திருமுன்னிலை என்பது அதன் வரிசை. இடங்கள் மாறியிருக்கின்றன, சட்டகம் அதேதான். இருட்டில் தூங்கப்போகும் பிள்ளையின் பயத்துக்குச் சொன்ன ஆறுதல், மந்திரவாதியின் வட்டமாக ஆகியிருக்கிறது.

கழகம் இந்தியாவிடமிருந்து எதையும் பெறவில்லை என்பதல்ல. தியோசபிகல் சங்கத்தைச் சேர்ந்த ராமபிரசாத் 1890இல் வெளியிட்ட மூச்சுச் சாத்திர நூலிலிருந்து ஐந்து தத்துவங்களின் வடிவங்களை எடுத்து, மஞ்சள் சதுரம், வெள்ளிப் பிறை, சிவப்பு முக்கோணம் என்று அட்டைகளில் வரைந்து உறுப்பினர்கள் உற்றுப்பார்த்துப் பழகினார்கள். நம்மூரில் சரம் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். பெற்றது அங்கே. அதைச் சொல்லாமல், தொடர்பே இல்லாத தொடக்கச் சடங்கைக் காட்டி ‘எல்லாம் நம்மிடமிருந்து போனது’ என்பது உண்மையான கடனையும் மறைத்துவிடுகிறது.

ஒரு தமிழரின் வீட்டில்

கழகத்தில் கைதேர்ந்த மந்திரவாதி என்று பெயர் வாங்கியவர் ஆலன் பென்னட் (1872–1923). ஆஸ்துமா நோயாளி. 1900இல் இலங்கைக்கு வந்து, அப்போது சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த பொன்னம்பலம் இராமநாதனின் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தார். இராமநாதன் சைவர். பரானந்தர் என்ற பெயரில் மத்தேயு, யோவான் நற்செய்திகளுக்கு யோக நோக்கில் உரை எழுதியவர். அவரிடம் பென்னட் யோகம் கற்றார். 1901இல் குரோலி வந்து சேர்ந்ததும் கண்டியில் வீடெடுத்து இருவரும் பயின்றார்கள். அதன் பிறகு பென்னட் மந்திரச் சடங்குகளைக் கைவிட்டு, 1902இல் பர்மாவில் புத்த பிக்குவாகி ஆனந்த மெத்தேய்யா என்று பெயர் கொண்டார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போனவர் தகப்பனிடம் பாடம் கேட்டு வந்தார் என்பதை, ஆசிரியத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் நான் மிகவும் ரசித்துப் படித்தேன்.

நடுவில் நிற்பவர்

சடங்கின் பெயரிலேயே ‘விலக்கு’ இருக்கிறது. சுற்றியிருப்பது தூய்மையற்றது, அதை வெளியே தள்ள வேண்டும், தள்ளிவிட்டு நடுவில் நான் நிற்க வேண்டும் என்பது அதன் தருக்கம். நம் பக்கம் எல்லாம் கனிவு என்று சொல்ல வரவில்லை. தேவராய சுவாமிகளின் கந்த சஷ்டி கவசத்தில் பேய்களின் பட்டியலும் உண்டு, அவற்றைக் கட்டச் சொல்லும் வேண்டுதலும் உண்டு. ஆனால் கவசம் சொல்பவர் தம்மைப் பெரிதாகப் பாவிப்பதில்லை. அவர் பயந்தவர். தலை முதல் கால் வரை ஒவ்வோர் உறுப்பையும் பெயர் சொல்லி வேலின் காவலில் ஒப்படைக்கிறார். ஐங்கோணச் சடங்கிலோ, செய்பவர் தொடக்கத்திலேயே வானளவு வளர்ந்துவிடுகிறார். தூதர்கள் அவருடைய நான்கு புறமும் நிற்கிறார்கள்.

கோளறு பதிகம் இன்னொரு வழி. திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்படும் சம்பந்தரை, கோள்நிலை சரியில்லை என்று அப்பர் தடுத்தபோது பாடியது என்பது மரபு. கோள், நாள், நோய், விலங்கு என்று பயத்துக்குரிய அனைத்தும் அதில் வரிசையாக வருகின்றன. ஒன்றையும் அவர் விரட்டுவதில்லை. உள்ளத்தில் ஒருவர் வந்து புகுந்துவிட்டதால் அவை தாமே நல்லவை என்கிறார். வட்டமே தேவைப்படவில்லை.

எங்கள் கரிசல் ஊர்களில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டுவதையும் இங்கே நினைக்க வேண்டும். காப்புக் கட்டிய பின் ஊரைவிட்டுப் போய் வெளியூரில் இராத் தங்கக் கூடாது என்பார்கள். ஊர் எல்லையில் அய்யனாரும் கருப்பசாமியும் காவல். அந்த எல்லைக்குள்ளே கண்மாயும் உண்டு, பருத்திக் காடும் உண்டு, பக்கத்து வீட்டுச் சண்டைக்காரரும் உண்டு. ஐங்கோண வட்டத்துக்குள் ஓர் ஆளுக்குத்தான் இடம். லண்டன் மாநகரத்தில் வாடகை அறையில் இருந்த மனிதர்களுக்கு அது பொருத்தமாகவே இருந்திருக்கும். பையனின் மொட்டை மாடிக்கும் பொருத்தம்தான் என்று நினைக்கும்போது சற்று வருத்தமாக இருந்தது.

ஒரு பயிற்சியாக இதைக் குறை சொல்ல மாட்டேன். நின்ற இடத்தில் நேராக நிற்கவும், திசை அறியவும், சொல்லும் கையும் நினைவும் ஒன்றாகப் போகவும் இது பழக்குகிறது. என்னுடைய குறை மேற்குத் திசையைப் பற்றியது. அங்கே சொல்லப்படும் எஹியே, மோசேயிடம் இறைவன் தம் பெயராகச் சொன்னது. திருச்சுழியில் 1879 டிசம்பர் 30இல் பிறந்த ரமணர், விவிலியத்தில் தமக்கு மிக நெருக்கமானதாக அடிக்கடி சுட்டிக்காட்டியதும் அந்த இடத்தைத்தான். 1896இல் மதுரையில் சித்தப்பா வீட்டு மாடியில், பதினாறு வயதில், சாவுப் பயம் வந்தபோது அவர் எதையும் விலக்கவில்லை. பிணம்போலப் படுத்து, சாவது யார் என்று பார்த்தார். 1911இல் அவரைக் காண வந்த ஹம்ப்ரீஸ் என்ற ஆங்கிலப் போலீஸ் அதிகாரி அற்புதம் செய்வதைப் பற்றிக் கேட்டபோதும், அற்புதம் செய்தவர்கள் தாம் செய்கிறோம் என்று நினைத்தார்களா என்று கேள்வியையே திருப்பிவிட்டார். ஐங்கோணச் சடங்கு ‘நான் இருக்கிறேன்’ என்ற பெயரைக் கையில் வைத்திருக்கிறது. ஆனால் அதை நான்கு காவல்களில் ஒன்றாக வெளியே, மேற்குச் சுவரில் மாட்டிவிடுகிறது. நடுவில் நிற்பவரைப் பார்த்து அது கேள்வியாகத் திரும்புவதில்லை.

திருச்சுழித் தலபுராணம் சொல்லும் கதையும் விலக்கும் கதை அல்ல. ஊழி வெள்ளம் சூழ்ந்தபோது இறைவன் கரை கட்டவில்லை. சூலத்தால் பூமியில் துளையிட்டு, வெள்ளத்தைச் சுழித்து உள்ளே இறங்கச் செய்தார் என்பார்கள். ஊருக்கு அதனால்தான் சுழி என்று பெயர். எழுதத் தொடங்குமுன் நாம் தாளின் உச்சியில் போடும் பிள்ளையார் சுழியும் அதே சொல். நம் தொடக்கப் பயிற்சி அதுதான்.

பையனின் நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் பிள்ளையார் சுழி இருந்தது. அதன் கீழே எபிரேயப் பெயர்கள் தமிழ் எழுத்தில். அம்மாவிடம் அந்தச் சுழியைக் காட்டினேன். மேற்குத் திசைப் பெயரின் கீழ் பென்சிலால் ஒரு கோடு போட்டு நோட்டைப் பையனிடம் கொடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் திருச்சுழிக்குப் பஸ் ஏறினோம்.