தொடுவானம் இல்லாத நிலங்கள்

அண்மையில் ஓர் இயற்கைப் படக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். இங்குள்ள எந்தப் படமும் திருத்தப்படவில்லை என்று வாசலிலேயே எழுதி வைத்திருந்தார்கள். உள்ளே வந்தவர்களும் ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் நின்று முதலில் கேட்டது, "எடிட் பண்ணினதா?" என்பதைத்தான். கை வைக்காத படமே நேர்மையான படம், கேமரா பதிந்ததோடு கலை முடிந்துவிடுகிறது, அதன்பின் மனிதன் செய்வதெல்லாம் கலப்படம் என்ற எண்ணம் நம்மிடையே ஓர் ஒழுக்க விதியாகவே ஆகிவிட்டது. நிலப்படக் கலையின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்த எவரும் இப்படிப் பேச மாட்டார்கள்.

கை வைக்காத படம் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. 1850களின் கொல்லோடியன் தகடு நீல ஒளிக்கு மட்டும் அளவுக்கு மீறி எதிர்வினை காட்டும். நிலம் பதியும்வரை காத்திருந்தால் வானம் வெளுத்துப்போகும், மேகம் ஒன்றுகூட மிஞ்சாது. பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே தம் கடற்படங்கள் பலவற்றில் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து இரண்டையும் தொடுவானத்தில் சேர்த்தார். தகட்டின் குருட்டுத்தனத்துக்கு அவர் கண்ட மருந்து அது. இன்றைய கைபேசியும் பொத்தானை ஒருமுறை தொட்டதும் பல சட்டகங்களை எடுத்து ஒன்றாக்கி, நிழலை வெளுப்பாக்கி, நிறத்தை ஏற்றித்தான் தருகிறது. நாம் 'எடிட் செய்யாமல்' பகிரும் அந்தி வானத்தின் சிவப்பை எங்கோ இருக்கும் ஒரு பொறியாளர் முன்பே தீர்மானித்துவிட்டார். படம் எடுப்பவர் தேர்வு செய்ய மறுத்தால், அவருக்கான தேர்வை வேறொருவர் செய்துவிடுகிறார்.

1861இல் கார்ல்டன் வாட்கின்ஸ் கோவேறு கழுதைகளில் பெரிய கண்ணாடித் தகடுகளை ஏற்றிக்கொண்டு யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குப் போனதும், பின்னர் படங்களை ஓவியம்போல் மங்கலாக்கிய தலைமுறை வந்ததும், அதை எதிர்த்து 1932இல் எஃப்/64 குழு கூர்மையைக் கொடியாகப் பிடித்ததும் வாசகர்கள் அறிந்த கதை. அந்தக் குழுவின் ஆன்சல் ஆடம்ஸைத்தான் 'உள்ளது உள்ளபடி' கட்சியினர் இன்று தங்கள் குலதெய்வமாக வைத்திருக்கிறார்கள்.

ஆனால் 1927 ஏப்ரல் 10 அன்று யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையின் எதிரே நின்றபோது ஆடம்ஸின் கையில் எஞ்சியிருந்தவை இரண்டே தகடுகள். ஒன்றை மஞ்சள் ஃபில்டர் வைத்து எடுத்தார். எடுத்த கையோடு, தாம் உணர்ந்த கம்பீரம் அதில் வராது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கடைசித் தகட்டுக்கு அடர்சிவப்பு ஃபில்டரை மாட்டினார். நீல வானம் ஏறக்குறைய கறுப்பாக இறங்கியது. அப்படியொரு வானம் அன்று பாறைக்கு மேலே இல்லை. 1941இல் ஹெர்னான்டெஸ் ஊருக்கு மேல் எழுந்த நிலவைப் படமாக்கிய கதையும் இதுதான். அந்த நெகட்டிவை அப்படியே அச்சிட்டால் வெளிறிய வானமும் மேகக் கீற்றுகளும்தான் கிடைக்கும். ஆண்டுகள் போகப்போக அவர் பிரிண்ட்களில் அந்த வானத்தை இருட்டிக்கொண்டே போனார். பியானோக் கலைஞராக வளர்ந்தவருக்கு நெகட்டிவ் என்பது இசைக்குறிப்பு, பிரிண்ட் என்பது கச்சேரி. கீர்த்தனை ஒன்றே ஆனாலும் மேடைக்கு மேடை நிரவல் மாறும் என்று அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மனதைப் படமாக்குவதில் இன்னும் தூரம் போனவர்களும் உண்டு. 1922 முதல் ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸ் எடுத்த மேகப் படங்களில் பெரும்பாலானவற்றில் நிலமே இல்லை. பலவற்றில் எது மேல், எது கீழ் என்றும் தெரியாது. தம் மனநிலைகளுக்கு இவை 'நிகர்' என்றார். மைனர் ஒயிட் அந்த வழியிலேயே போய்ப் படங்களைக் கவிதை வரிகள்போல் அடுக்கினார். ஒயிட்டிடம் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அவர் பாறையைப் பார்க்கும்போது பாறை கரைந்து அவர் மட்டும் மிஞ்சுகிறார்.

நான் சொல்ல வந்தது எலியட் போர்ட்டரைப் பற்றி. ஹார்வர்டில் மருத்துவம் படித்து, அங்கேயே உயிர்வேதியியல் கற்பித்தவர். 1938இன் இறுதியில் ஸ்டீக்லிட்ஸ் தம் காட்சிக்கூடத்தில் இவருடைய கறுப்புவெள்ளைப் படங்களை வைத்தபின் வேலையை விட்டார். வண்ணத்துக்கு அவரைக் கொண்டுவந்தவை பறவைகள். கறுப்புவெள்ளையில் இனம் பிரித்தறிய முடியாது என்று பதிப்பாளர் ஒருவர் சொல்ல, கோடக்ரோம் வண்ண ஃபிலிமைக் கையில் எடுத்தார். 1943இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய வண்ணப் பறவைகளைக் காட்சிக்கு வைத்தது. அதே அருங்காட்சியகத்தில் வில்லியம் எகிள்ஸ்டனின் வண்ணப்படக் கண்காட்சி நடந்தது 1976இல். வண்ணம் கலையானது அன்றுதான் என்று எழுதும் வரலாறுகள் நடுவிலுள்ள 33 ஆண்டுகளையும் போர்ட்டரையும் சேர்த்தே தாண்டிச் செல்கின்றன. இந்த அநியாயம் எனக்குப் பொறுக்கவில்லை.

1968 ஏப்ரலில் கென்டக்கியில் எடுத்த ரெட்பட் மரங்களின் படத்தைப் பாருங்கள். வானம் கிடையாது, தொடுவானம் கிடையாது. சட்டகம் முழுக்கச் சாம்பல் நிற ஒல்லித் தண்டுகள் நெருக்கமாக நிற்கின்றன. அவற்றுக்கிடையே இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பூக்கள், கிளையோடு ஒட்டாமல் காற்றில் தெளித்ததுபோல் தொங்குகின்றன. கண் எங்கே நுழைவது, எங்கே நிற்பது என்று படம் சொல்வதில்லை, நாம்தான் வழி தேட வேண்டும். நம் இலக்கண மொழியில் சொன்னால், ஆடம்ஸ் முதற்பொருளின் கலைஞர். மலையும் நிலவும் பொழுதும் அவருக்குப் போதும். போர்ட்டர் நிலத்தின் பரப்பை வெளியே நிறுத்திவிட்டு மரம், பாசி, சருகு, பறவை என்ற கருப்பொருள்களைக் கொண்டே உரிப்பொருளைச் சொன்னார். பெரிய காட்சியின் முன்னால் யாரும் வியப்பார்கள். ஓடைத் தண்ணீரில் மிதக்கும் நாலு சருகின் முன்னால் நிற்பதற்குத் தனி மனம் வேண்டும்.

அவர் நிறங்கள் பொய் என்றார்கள். திறந்த வானத்தின்கீழ் விழும் நிழலில் நீலம் உண்மையாகவே இருக்கிறது. நம் கண் அதைப் பழகிக்கொண்டு மறைத்துவிடுகிறது, ஃபிலிம் மறைப்பதில்லை. அந்த நீலத்தை வைத்துக்கொள்வதா கழுவிவிடுவதா என்பதை டை டிரான்ஸ்ஃபர் அச்சு முறையில் சயான், மெஜந்தா, மஞ்சள் சாயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றும்போது தாமே முடிவு செய்தார். அறிவியல் படித்த மனிதர் எடுத்த தனிப்பட்ட முடிவு அது. இல்லாத புலியை வெட்டி ஒட்டிவிட்டுக் காட்டில் கண்டதாகச் சொன்னால் அது மோசடி. நிழலின் நீலத்தைக் காப்பாற்றுவது பார்வை.

1975இல் ரோசெஸ்டரில் நடந்த 'நியூ டோபோகிராஃபிக்ஸ்' கண்காட்சி இந்த அழகையெல்லாம் ஓரம்கட்டியது. புறநகர் வீடுகள், தொழிற்கூடச் சுவர்கள், யாருடைய குரலும் கேட்காத வறண்ட படங்கள். அது தேவையான குளியல்தான். ஆனால் அந்தப் பற்றின்மையையே பின்வந்தவர்கள் பாணியாக்கிக்கொண்டார்கள். அந்தக் கண்காட்சியில் பங்கெடுத்த ராபர்ட் ஆடம்ஸே 1981இல், நிலப்படத்துக்கு இடத்தின் புவியியலோடு எடுத்தவரின் சுயசரிதையும் உருவகமும் வேண்டும் என்று எழுதினார். இன்னொரு பக்கம் போர்ட்டரின் வாரிசுகள் என்று வந்தவர்கள் நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு காலண்டர் அச்சகத்துக்குப் போனார்கள். பொறுமையை எடுத்துக்கொண்டவர்கள் மிகச் சிலர். நம் இளைஞர்கள் அந்தப் பொறுமையிலிருந்து தொடங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஒரே ஓடைக்கரைக்கு நாலு பருவமும் போய் வரட்டும்.

1960இல் போர்ட்டர் முதன்முறையாகக் கொலராடோ ஆற்றில் படகில் இறங்கி கிளென் கேன்யனுக்குள் போனார். அணைக்கட்டு வேலை அப்போதே நடந்துகொண்டிருந்தது. திரும்பத் திரும்பப் போனார். வெயில் நேரே விழாத இடுக்குகளில், எதிர்ச் சுவரிலிருந்து தெறித்த செம்பொன் ஒளியும் ஈரச் சேற்றில் விழுந்த வானத்தின் ஊதாவும் ஒன்றோடொன்று கலப்பதை எடுத்தார். 1963இல் சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அந்தப் படங்களைப் புத்தகமாக்கியது. அதே ஆண்டு அணையில் நீர் தேங்கத் தொடங்கியது. இந்த நூற்றாண்டின் வறட்சியில் நீர்மட்டம் இறங்கி, மூழ்கிய கிளைப் பள்ளத்தாக்குகள் சில மறுபடி வெளியே வந்திருக்கின்றன. தண்ணீர் நின்ற உயரம்வரை பாறைச் சுவர்கள் சுண்ணம் படிந்து வெளுத்துக் கிடக்கின்றன.