கிளிங்கானியர் நெற்றி: வேற்றுலகினர் தோற்ற மாற்றம் குறித்த ஓர் ஆய்வு

நெடுங்காலம் வழங்கும் ஒரு கதைத்தொடரில் மாந்தர் மூப்படைதலும், நடிகர் மாறுதலும், அரங்கமைப்புப் புதுமை பெறுதலும் இயல்பே. ஓர் இனத்தார் அனைவர்க்கும் நெற்றியெலும்பே வேறாகிவிடுதல் இயல்பன்று. 1966-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றிப் பல தொடர்களாகவும் திரைப்படங்களாகவும் கிளைத்துள்ள ஸ்டார் டிரெக் என்னும் அறிவியற் புனைகதையில் இந்நிகழ்ச்சி ஒருமுறையன்றிப் பன்முறை நேர்ந்துள்ளது. அக்கதையின் வேற்றுலகினருள் பெரும்புகழ் பெற்றோர் கிளிங்கான் எனப்படுவோர். அவ்வினத்தாரைக் கிளிங்கானியர் என ஈண்டு யாம் குறிக்கின்றோம். 1967-இல் அமைந்த அவர்தம் முகம் 1979, 1984, 1987, 2017 ஆகிய ஆண்டுகளில் திருத்தம் பெற்றது. இத்திருத்தங்கள் கதைக்கு ஆக்கமாயினவா, கேடாயினவா என்பதே யாம் ஆராயப் புகுவது.

இதுபற்றி இருவேறு கொள்கைகள் வழங்குகின்றன. முதல் தொடரில் பொருள்வளம் குன்றியிருந்தமையால் எளிய ஒப்பனையே இயன்றது. பின்னர் வந்த முகமே தொடக்கமுதல் கருதப்பட்ட முகம். எனவே மாற்றம் நிகழவே இல்லை என்பர் ஒருசாரார். தொடரைப் படைத்த ஜீன் ராடன்பெரியும் இக்கருத்தினர் என்பர். கதையுலகில் ஒருமுறை காட்டியது காட்டியதே. மாற்றம் நேரின் அதற்குக் கதைக்குள்ளேயே காரணம் காட்டல் வேண்டும் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கொள்கையும் தம்முள் முரணுவன போலத் தோன்றினும் ஒரே பிழையை உடையன. முகத்தைக் கதைமேல் போர்த்த சட்டையாக இரண்டும் கருதுகின்றன. கழற்றி மாற்றலாம் என்பது முன்னது. கழற்றினால் கணக்குக் காட்டுக என்பது பின்னது. அம்முகம் கதையில் என்ன தொழில் செய்கின்றது என இரண்டும் வினவவில்லை.

வேற்றுலகினன் என்பவன் எவன்? மனிதனுக்கு உவமையாகப் படைக்கப்பட்டவன் என்பதே எம் துணிபு. ஆதலின் உவமைக்குத் தொல்காப்பியர் வகுத்த அளவைகள் ஈண்டுப் பெரிதும் பயன்படுவன. வினையும் பயனும் மெய்யும் உருவும் பற்றி உவமை பிறக்கும் என்பது அவர் கொள்கை. மெய் என்பது வடிவு, உரு என்பது நிறம் என உரையாசிரியர் பொருள் கொள்வர். வடிவையும் நிறத்தையும் இவ்வாறு பிரித்துணர்ந்த நுட்பம் கிளிங்கானியர் வரலாற்றுக்கு விளக்காக அமைகின்றது. ஏனெனில் 1967-இல் அவரை மனிதரினின்று வேறுபடுத்தியது உரு. 1979-இல் வேறுபடுத்தியது மெய்.

1967-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஒளிபரப்பான முதற் கிளிங்கானியக் கதையை ஜீன் கூன் எழுதினார். ஜான் கோலிக்கோஸ் என்னும் நடிகர் கோர் என்ற படைத்தலைவனாகத் தோன்றினார். பழுப்புப் பூச்சு, மேல்நோக்கி வளைந்த புருவம், தொங்கும் மீசை, சிறுதாடி இவ்வளவே ஒப்பனை. செங்கிஸ்கானை நினைவூட்டும் தோற்றம் வேண்டுமெனத் தாமே கேட்டதாகக் கோலிக்கோஸ் பின்னாளில் உரைத்துள்ளார். அக்காலம் அமெரிக்காவும் சோவியத்து நாடும் பனிப்போரில் எதிர்நின்ற காலம். வியட்நாமில் போர் நடந்துகொண்டிருந்த காலம். கீழ்த்திசை மக்களின் முகத்தைப் பகைவன் முகமாகப் பூசிக்காட்டிய குற்றம் அவ்வொப்பனைக்கு உண்டு. இதனை மறைத்தல் நேர்மையாகாது.

ஆயினும் அக்கதையின் போக்கை நோக்குக. ஓர் எளிய கோளுக்காக மனிதரும் கிளிங்கானியரும் போரிட முனைகின்றனர். அக்கோளின் மக்கள் உண்மையில் பேராற்றல் உடையோர். இருதிறத்தார் படைக்கலங்களையும் செயலறச் செய்து போரைத் தடுத்துவிடுகின்றனர். அப்பொழுது சினந்து எழுவோன் கோர் மட்டுமல்லன். மனிதர் தலைவனாகிய கிர்க்கும் சினக்கின்றான். போர் செய்யும் உரிமைக்காகத் தான் வாதாடியதைப் பின்னர் உணர்ந்து நாணுகின்றான். நாம் இருவரும் ஒத்தவர் என்பதே கோர் அவனுக்கு உணர்த்தும் செய்தி. வினையால் ஒப்புமை காட்டும் இக்கதைக்கு மெய்யாலும் ஒத்த முகமே தகுதியுடையது. வறுமையால் நேர்ந்த முகம் எனினும் அது பொருளுடைய முகம் ஆயிற்று. அப்பொருளைக் கெடுத்தது மேற்பூசிய உருவே. மெய் ஒன்றெனக் கூற, உரு வேறெனக் கூறும் இம்முரண் முதற் கதையிலேயே அமைந்துவிட்டது.

அதே ஆண்டு இறுதியில் வந்த, டிரிபிள் என்னும் மயிரடர்ந்த சிற்றுயிர்களைப் பற்றிய கதையும் இதற்குச் சான்றாகும். மனித அலுவலனாக நடமாடும் ஒருவன் கிளிங்கானிய ஒற்றன். அவனைக் கண்டு அச்சிற்றுயிர்கள் கூச்சலிடுகின்றன. மருத்துவர் தம் கருவியால் ஆராய, அவன் உடலியல்பு மனிதனுடையதன்று எனத் தெளிவாகின்றது. கண்ணுக்குப் புலனாகாத வேறுபாடு என்பதே அக்கதையின் உயிர். நெற்றியில் புடைப்பு இருந்ததெனக் கருதிக்கொண்டு இதனைக் காண்க என்பார் கூற்று இங்கே தகர்ந்துபோகின்றது. அக்கதையில் கிளிங்கானியத் தலைவர்க்குப் பழுப்புப் பூச்சும் மிகக் குறைவே. நகைச்சுவைக் கதைக்கு அச்சமூட்டும் உரு வேண்டப்படவில்லை போலும்.

1979-இல் வெளிவந்த முதல் திரைப்படத்தில் முதுகெலும்பு போன்றதோர் எலும்புத் தொடர் தலையுச்சியிலிருந்து நெற்றி வரை இறங்கிவருமாறு கிளிங்கானியர் காட்சியளித்தனர். முதல் தொடரின் ஒப்பனையாளராகிய பிரெட் பிலிப்ஸே இதற்கும் பொறுப்பாளர். அனைவர்க்கும் ஏறத்தாழ ஒரே வகைப் புடைப்பு. இதனைக் குறையெனக் கூறுவாருளர், யாம் கூறோம். அப்படத்தில் அவர் தொடக்கத்தில் சில நிமிடங்கள் தோன்றி, விண்வெளிப் பேருரு ஒன்றின் தாக்குதலால் மூன்று கலங்களோடும் மறைந்துவிடுகின்றனர். பெயர் அறியப்படாத படைவீரர்க்குத் தனிமுகம் எற்றுக்கு? அப்படையின் தலைவனாக நடித்த மார்க் லெனார்டு முன்னர் முதல் தொடரில் வேறிரண்டு வேற்றுலக இனத்தவராகவும் நடித்தவர் என்பது ஒரு சுவையான செய்தி. 1984-இல் வந்த மூன்றாம் படத்தில் கிறிஸ்டபர் லாயிட் ஏற்ற பாத்திரம் முழுக்கதைக்கும் பகைவன். ஆதலின் புடைப்புத் தணிந்தது, புருவம் அசையலாயிற்று. மார்க் ஓக்ராண்ட் என்னும் மொழியறிஞர் அவ்வினத்தார்க்கு இலக்கணமுடைய மொழியொன்றை ஆக்கித் தந்ததும் அப்படத்திற்கே. முகமும் மொழியும் ஒருங்கே செப்பமுற்றமை தற்செயலன்று. பகைக்கூட்டம் ஓர் இனமாக மாறத் தொடங்கிய காலம் அது.

1987-இல் தொடங்கிய புதுத் தொடரில் மைக்கேல் வெஸ்ட்மோர் ஒப்பனைப் பொறுப்பை ஏற்றார். மனிதர் கலத்தில் பணிபுரியும் வோர்ஃப் என்னும் கிளிங்கானியனாக மைக்கேல் டோர்ன் நடித்தார். வெஸ்ட்மோர் ஒவ்வொருவர்க்கும் வெவ்வேறு நெற்றி வகுத்தார். இதுவே இவ்வரலாற்றில் தலைசிறந்த திருத்தம் என்பது எம் முடிபு. புடைப்பு இனத்தின் அடையாளமாக நின்றதோடு அமையாது ஆளின் அடையாளமும் ஆயிற்று. 1990-இல் வந்த கதையொன்றில் தந்தைமேல் சுமத்தப்பட்ட பழியைத் தன் மேலேற்று, தன் இனத்தார் அனைவரும் புறங்காட்டித் திரும்பிநிற்க, வோர்ஃப் அவையைவிட்டு வெளியேறுகின்றான். அங்கே நாம் காண்பது நுரையிரப்பர் அன்று. அவ்விரப்பருக்குக் கீழே அடக்கப்பட்ட துயரம். உள்ளத்து உணர்வு உடம்பின்வழிப் புலப்படுதலை மெய்ப்பாடு என்பர் நம்முன்னோர். நெற்றியை மூடியபோதும் கண்ணையும் கன்னத்தையும் வாயையும் நடிகர்க்கே விட்டுவைத்தமையால் வெஸ்ட்மோர் ஒப்பனையில் மெய்ப்பாடு பிழைத்தது.

இப்பெருமைக்கு இடையிலும் ஓர் உண்மையைச் சுட்டாது செல்லல் இயலாது. புடைப்பு வந்தபின் பழுப்புப் பூச்சு நீங்கியிருத்தல் வேண்டும், நீங்கவில்லை. வெள்ளையராகிய நடிகர் பலர் பழுப்புப் பூச்சுடனேயே கிளிங்கானியராயினர். வடிவால் வேறுபாடு நிறைவுற்ற பின்னும் நிறத்தை விடாது பற்றியது எதன்பொருட்டு என வினவுதல் தகும். 1967-இன் குற்றம் புதிய எலும்பின்கீழ்ப் பழைய தோலாகத் தொடர்ந்தது என்பதே எம் விடை.

1994-இல் ஒரு வியத்தகு நிகழ்ச்சி. 1967, 1968 ஆண்டுகளில் கோர், கோலோத், காங் எனத் தோன்றிய கோலிக்கோஸ், வில்லியம் கேம்பெல், மைக்கேல் அன்சாரா ஆகிய மூவரும் அப்பாத்திரங்களாகவே மீண்டும் தோன்றினர். அன்று மழமழவென்றிருந்த நெற்றிகள் இன்று புடைத்திருந்தன. காரணம் ஒரு சொல்லும் கூறப்படவில்லை. மூப்பெய்திய மூவர் பழைய சூளுரையை நிறைவேற்றச் செல்லும் அக்கதையில் காண்போர் நெஞ்சு நெற்றியில் நிற்கவில்லை. 1996-இல் அக்காலத்து மாந்தர் பழைய டிரிபிள் கதைக்குள் காலம் கடந்து செல்வதாக ஒரு கதை அமைந்தது. மழமழ நெற்றியரைக் கண்ட தோழர் வோர்ஃபை நோக்கி வினவுகின்றனர்; மரபணு மாற்றமோ, நச்சுக்கிருமியால் வந்த திரிபோ என ஊகிக்கின்றனர். பிறரிடம் பேசும் செய்தியன்று என மறுத்துவிடுகின்றான் வோர்ஃப். ஒரு நகைச்சுவையில் ஓர் இனத்தின் மானத்தையே காட்டிவிட்ட விடை அது.

2005-இல் எண்டர்பிரைஸ் தொடரின் ஆசிரியர் அம்மௌனத்தைக் கலைத்தனர். மனித மரபணுவைக் கொண்டு வலிமைமிக்க வீரரை ஆக்க முயன்ற கிளிங்கானியர்க்குக் கொள்ளைநோய் பரவிற்று; மருந்தால் உயிர் பிழைத்தனர்; ஆயின் நெற்றி மனித நெற்றியாயிற்று என இரு பகுதிகளில் விளக்கினர். தோழர் ஊகித்த இரண்டையும் ஒருங்கு சேர்த்து மெய்யாக்கியது இவ்விளக்கம். கதையமைப்பில் திறமை உண்டு, மறுக்கிலோம். எனினும் இதனால் நேர்ந்த இழப்புப் பெரிது. கோரும் கிர்க்கும் ஒத்திருந்தது 1967-இல் அறம்பற்றிய ஒப்புமை. 2005-க்குப் பின் அது நோயின் வடு. போர்வெறி நமக்கும் உண்டு என நாணவேண்டிய இடத்தில், அவன் நம்மைப் போன்றிருப்பதற்குக் கிருமி காரணம் என ஆறுதல் கிடைத்துவிடுகின்றது. அம்மூவர்க்கும் 1994-இல் புடைப்பு மீண்டது எங்ஙனம் என்பதற்கோ அவ்விளக்கத்துள் விடையில்லை.

2017-இல் தொடங்கிய டிஸ்கவரி தொடரில் நெவில் பேஜ், கிளென் ஹெட்ரிக் ஆகியோர் வகுத்த தோற்றம் முந்தைய அனைத்தினும் வேறு. மயிரற்ற, பின்னோக்கி நீண்ட மண்டை, இரட்டித்த மூக்குத்துளைகள், கருமை, ஊதா, வெண்மை எனப் பல நிறம். காண்போர் பலர் வெறுத்தனர். அவ்வெறுப்பை அப்படியே யாம் ஏற்கவில்லை. மனிதர் நட்புரை கூறி அணைக்கும்போது தம் தனித்தன்மை அழிந்துபோகும் என அஞ்சி ஒன்றுகூடும் கிளிங்கானியரைப் பற்றியது அக்கதை. ஒப்புமையை மறுப்போர்க்கு ஒவ்வாத முகம் பொருந்தும். நிறத்தால் இகழப்படும் வெண்ணிறக் கிளிங்கானியன் ஒருவனைப் படைத்து, பழுப்புப் பூச்சின் நெடுநாட் பழியை அத்தொடர் நேர்நின்று எதிர்கொண்டது. அவனே உடல் அறுக்கப்பட்டு மனித உருவில் ஒற்றனாக வருகின்றான். டிரிபிள் கதையில் ஆடை மாற்றிய அளவில் முடிந்த செயல் இங்கே கொடிய வதையாகின்றது. இருவேடமும் பூண்ட ஷாசாத் லத்தீஃப், கிளிங்கானிய வேடத்திற்குப் புனைபெயரில் அறிவிக்கப்பட்டார். முகமூடியின் கனம் கதையின் சூழ்ச்சிக்கே துணையாயிற்று.

குறை வேறிடத்தில் உளது. முகம் முழுதும் இரப்பர் மூட, வாயில் செயற்கைப் பற்கள் நிறைய, நடிகர் ஓக்ராண்டின் மொழியைத் தடைப்பட்டுத் தடைப்பட்டு மெல்ல உச்சரிக்கின்றனர். காண்போர் கண் முகத்தை விட்டு அடியெழுத்துக்கு இறங்குகின்றது. வெகுளியும் பெருமிதமும் சொல்லால் அறியப்படுகின்றன; மெய்யால் அறியப்படவில்லை. மெய் மிக்கது, மெய்ப்பாடு குன்றியது. 2019-இல் இரண்டாம் பருவத்தில் மயிர் மீண்டது. போர்க்காலத்தில் மழித்திருந்தனர் என்றனர்.

பிற இனத்தார் பற்றி விரித்தல் வேண்டா. ரோமுலர் 1988-இல் நெற்றிமேடு பெற்று, 2009-இல் அதனை இழந்தனர். டிரில் எனப்படுவோர் 1991-இல் நெற்றிப் புடைப்புடன் வந்து, 1993-இல் புள்ளித் தோலுடன் வந்தனர். அழகிய நடிகை ஒருவரின் முகத்தை மறைக்க மனமின்மையே அதற்குக் காரணம். கதைப்பொருள் தொடர்பற்ற இம்மாற்றங்கள் விரைவில் மறக்கப்பட்டன.

2023-இல் ஸ்டிரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் தொடரில் கிளிங்கானியர் வெஸ்ட்மோர் வழிப்பட்ட நெற்றியோடும் நீண்ட மயிரோடும் தோன்றுகின்றனர். அத்தொடரின் கதை கோரைக் கிர்க் சந்திப்பதற்கு முற்பட்ட காலத்தது. 2005-இன் விளக்கப்படி அக்காலத்தார் பலர்க்கு நெற்றி மழமழவென்றிருத்தல் வேண்டும். அவ்விளக்கத்தை ஒருவரும் எடுத்துப் பேசவில்லை. அதே ஆண்டில் பிக்கார்டு தொடரில் டோர்ன் வெண்மயிர் வோர்ஃபாக மீண்டும் வந்தார். முதற் பருவத்திற்குப் பின்னரே அவர் நெற்றிப் புடைப்பு மாற்றியமைக்கப்பட்டது என்பதும், அதற்குக் கதைக்குள் எவரும் காரணம் கூறியதில்லை என்பதும், முப்பத்தாறு ஆண்டுகளாக அவரைக் கண்டுவருவோருள் பலர் அதனை நினைவிற் கொள்ளவும் இல்லை என்பதும் ஈண்டு நோக்கத்தக்கன.