புதுச்சேரியின் பழைய நகரப்படங்கள்: மறுபதிப்புகள் பற்றிய மதிப்பீடு

புதுச்சேரியின் பழைய நகரப்படங்கள் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் டச்சுக்காரரும் பிரெஞ்சுக்காரரும் வரைந்தவை. இவற்றின் மூலங்கள் பெரும்பாலும் ஐரோப்பிய ஆவணக் காப்பகங்களில் உள்ளன. பிரெஞ்சு ஆய்வறிஞர் ழான் தெலோஷ் இவற்றைத் திரட்டி ஆராய்ந்து எழுதிய இரு நூல்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 2004, 2005ஆம் ஆண்டுகளில் வெளியிட்டது. முதல் நூல் ஆங்கிலத்திலும் இரண்டாவது பிரெஞ்சிலும் அமைந்தவை.

பங்களிப்பு

புதுச்சேரியின் நேர்கோட்டுத் தெருக்கள் பிரெஞ்சுக்காரர் வகுத்தவை என்பது நெடுநாள் நம்பிக்கை. ஊர் 1693 முதல் 1699 வரை டச்சுக்காரர் வசம் இருந்தது. அக்காலத்தில் அவர்கள் வரைந்த படங்களிலேயே இந்தத் தெரு அமைப்பின் கரு இருப்பதைத் தெலோஷ் எடுத்துக்காட்டினார். படங்கள் அச்சில் வந்ததால் இம்முடிவை எவரும் சரிபார்க்க முடிகிறது. இதுவே மறுபதிப்பின் முதன்மைப் பயன்.

பயன்படுத்துவதில் கவனிக்க வேண்டியவை

படம் அச்சான ஆண்டும் அது காட்டும் காலமும் ஒன்றல்ல. 1764இல் வெளியான பெலின் என்பவரின் கடல்சார் நிலப்படத் தொகுப்பில் புதுச்சேரிப் படம் உண்டு. ஆனால் 1761 சனவரியில் சரணடைந்த நகரை ஆங்கிலேயர் இடித்துவிட்டனர். 1765இல்தான் அது பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியது. ஆகவே அப்படம் காட்டுவது இடிபடுவதற்கு முந்தைய நகரையே.

நகரம் பெரும்பாலும் பழைய தெருக்கோடுகளின் மேலேயே மீண்டும் எழுந்தது. எனவே டச்சுப் படத்தில் ஒரு தெரு இருப்பதால் அத்தெருவின் இன்றைய வீடும் அக்காலத்தது எனக் கொள்ளக் கூடாது. வரைந்த திட்டம் முழுதும் கட்டப்பட்டது என்று கருதுவதும் தவறு.

பெரிய தாளில் வரைந்த படம் நூற்பக்க அளவுக்குச் சுருங்கும்போது விகித அளவு பொருந்தாது. படத்துடன் சேர்ந்து சுருங்கும் அளவுகோட்டையே நம்ப வேண்டும். பிரெஞ்சுப் படங்களின் அளவான ஒரு துவாஸ் ஏறத்தாழ 1.95 மீட்டர்.

குறைபாடு

படைப் பொறியாளரின் கண்ணுக்குக் கோட்டையும் மதிலும் முக்கியம். தமிழர் பகுதியின் வாழ்க்கை அவர் கோடுகளில் அடங்குவதில்லை. சம்பா கோவிலை அடுத்திருந்த பழைய வேதபுரீசுவரர் கோயில் 1748இல், துய்ப்ளேயின் ஆட்சியில், இடிக்கப்பட்டது. முன்பின் படங்களை ஒப்பிட்டால் கோயில் மறைந்தது தெரியும். ஏன், எப்படி என்பது தெரியாது. அதை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு சொல்கிறது.

மதிப்பீடு

தெலோஷின் நூல்கள் இல்லாமல் இன்று புதுச்சேரியின் தெரு வரலாற்றை எழுத இயலாது. அவற்றை மட்டும் கொண்டு எழுதினால் அது ஆண்டவர்களின் ஊராகவே அமையும். படத்தையும் நாட்குறிப்பையும் அருகருகே வைத்துப் படிப்பதே வாழ்ந்தவர்களின் ஊரைக் காணும் வழி. தெருப்பெயர்களுக்குத் தமிழ் விளக்கத்துடன் ஒரு பதிப்பு வருமானால் பள்ளி மாணவரும் தம் தெருவை அதில் தேடிப் பார்க்கலாம்.