பங்காளி வீட்டில் அகதி: ஸ்டார் ட்ரெக்கில் எங்கே உற்றுப் பார்ப்பது?

விண்வெளிக் கதை என்றாலே நம் கண் கப்பலையும் வெடிப்பையும் தேடிப் போகும். அகதிகள் வரும் கதையில் அந்தப் பழக்கம் உதவாது. அதிலும், வந்தவர்கள் என்றோ சண்டை போட்டுப் பிரிந்த சொந்தக்காரர்கள் என்றால், விஷயம் முழுக்கப் பேச்சிலும் முகத்திலும்தான் இருக்கும். அந்நியன் வந்தால் ஒதுங்க இடம் கேட்பான். பங்காளி வந்தால் பங்கே கேட்டுவிடுவானோ என்று வீட்டுக்காரருக்கு உள்ளூர ஒரு பயம். இந்தப் பயத்தை மூடி மறைக்காமல் காட்டும் கதையே இந்த வகையில் நல்ல கதை என்பது என் கட்சி. அதற்கு வல்கன், ரோமுலன் என்ற இரு இனங்களின் கதையை விடப் பொருத்தமான சாட்சி கிடைக்காது.

முதலில், மூல 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் 1966 டிசம்பரில் வந்த 'பேலன்ஸ் ஆஃப் டெரர்' அத்தியாயத்தைப் பாருங்கள். பூமியும் ரோமுலன்களும் நூறு ஆண்டுகளுக்கு முன் போரிட்டிருந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. எதிரித் தளபதியின் முகம் முதன்முதலாகத் திரையில் தெரிகிறது: கூரான காதுகள், மேலேறிய புருவங்கள், அச்சு அசல் வல்கன் முகம். அந்தப் பழைய போரில் முன்னோரை இழந்த ஸ்டைல்ஸ் என்ற அதிகாரியின் பார்வை, பக்கத்தில் வேலை செய்துகொண்டிருக்கும் ஸ்பாக் மேல் போய் நிற்கிறது. வல்கன்காரரான ஸ்பாக் ஒரு தவறும் செய்யவில்லை. சாயல் ஒன்றே குற்றமாகிவிடுகிறது. தளபதியாக நடித்த மார்க் லெனார்ட், அடுத்த ஆண்டே ஸ்பாக்கின் தந்தை சாரெக்காக வந்தார். தயாரிப்பாளர்கள் திட்டமிட்டார்களோ இல்லையோ, உறவின் கதை அப்போதே தொடங்கிவிட்டது. சுராக் என்ற ஞானியின் தர்க்க நெறியை ஏற்காமல் போரிட்டு வெளியேறியவர்களின் வழி வந்தவர்களே ரோமுலன்கள் என்று தொடர் பிற்பாடு விரித்துச் சொல்கிறது. 2387-இல் சூரியன் வெடித்து வீடிழப்பவர்கள் இவர்கள்தான்.

உறவே இல்லாத அகதிகளுக்கு என்ன நடக்கிறது என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் 1993-இல் வந்த 'சாங்சுவரி' அத்தியாயத்தில், ஸ்க்ரீயன் என்ற உழவர் இனம் போரிலிருந்து தப்பி வருகிறது, 30 லட்சம் பேர். பேஜோர் கிரகமே தங்கள் புராணம் சொன்ன தாயகம் என்று நம்பி, அங்கே தரிசு நிலம் போதும் என்று கேட்கிறார்கள். பேஜோர் அரசு பஞ்சத்தைக் காட்டி மறுத்துவிடுகிறது. நேற்றுவரை அகதி முகாமில் கிடந்தவர்கள்தான் இன்று கதவடைக்கிறார்கள். கசப்பாக இருந்தாலும் அங்கே வழக்கு ஒரே நாளில் முடிந்துவிடுகிறது: சோறு இல்லை, வேறு கிரகம் பாருங்கள். பங்காளியிடம் அப்படிச் சொல்லி முடித்துவிட முடியாது. 2020-இல் 'டிஸ்கவரி' தொடரில் வந்த 'யூனிஃபிகேஷன் 3' அதைத்தான் காட்டுகிறது. கி.பி. 3189. வீடிழந்த ரோமுலன்கள் வல்கன் கிரகத்தில் வந்து சேர்ந்து, அதன் பெயரே நிவார் என்று மாறி, இரு இனமும் சேர்ந்து வாழ்கின்றன. ஸ்பாக்கின் வளர்ப்புச் சகோதரி பர்ன்ஹாம் ஒரு தகவல் கேட்டு வருகிறார். வல்கன் ஒருவர், ரோமுலன் ஒருவர், இரு ரத்தமும் கலந்தவர் ஒருவர் என மூவர் அவையில் விசாரணை. அவர் கேட்டதை விட்டுவிட்டு அவையினரே ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டத் தொடங்குகிறார்கள். சேர்ந்து வாழ்ந்தும் பழைய கணக்கு தீரவில்லை. இன்னொரு நுட்பம்: பூமியும் வல்கனும் சேர்ந்திருந்த கிரகங்களின் கூட்டமைப்பிலிருந்து விலக வேண்டும் என்றவர்கள் வல்கன்கள், இருக்கலாம் என்றவர்கள் வந்தேறிகளான ரோமுலன்கள். ஒரே வசனத்தில் கடந்துபோகும் செய்தி இது. என்னைக் கேட்டால் அத்தியாயத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது.

வெறும் பேச்சாக இருக்கிறதே என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். பங்காளித் தகராறு பஞ்சாயத்தில்தானே தீரும்! நிஜ அகதிகளின் துயரம் கண்முன் இருக்க இந்தக் கூர்காதுக் கதை எதற்கு என்ற கேள்விக்கு மேலும் கனம் உண்டு. நிஜச் செய்தியில் நாம் பெரும்பாலும் முன்பே கட்சி சேர்ந்துவிடுகிறோம். வல்கன், ரோமுலன் இருவரில் யார் மீதும் நமக்கு வாய்க்கால் தகராறு இல்லாததால் இரு தரப்பையும் கேட்கும் பொறுமை வருகிறது. ஆனால் ஒரு குற்றச்சாட்டுக்குப் பதிலே இல்லை: குடியேறிய முதல் தலைமுறையைத் தொடர் காட்டவில்லை. எண்ணூறு ஆண்டுகளைத் தாண்டிக் குதித்து, முடிந்துபோன சமரசத்தைக் கையில் கொடுக்கிறது. முதல் பந்தியில் யார் உட்கார்ந்தார், யார் வீட்டில் பெண் எடுத்தார் என்ற சங்கதிகள் எல்லாம் அந்த இடைவெளியில் போயின. 2020-இல் வந்த 'பிகார்ட்' தொடர் வாஷ்டி என்ற அகதிக் குடியிருப்பைக் காட்டி ஓரளவு ஈடு செய்கிறது. 'ரோமுலன்களுக்கு மட்டும்' என்ற பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டு விடுதிக்குள் போகிறார், ரோமுலன்களை மீட்கும் பணிக்கு ஒருகாலத்தில் தலைமை தாங்கிய பிகார்ட். மீட்பதாக வாக்குக் கொடுத்துக் கைவிட்டவன் என்று முன்னாள் செனட்டர் ஒருவர் அவர் முகத்துக்கு நேரே பழிக்கிறார். உதவி பெற்றவன் நன்றி சொல்லியே தீர வேண்டும் என்ற நம் எதிர்பார்ப்பு அங்கே நொறுங்குகிறது.

1966, 1993, பிறகு 2020-இன் இரண்டு என்ற வரிசையில் பாருங்கள். மூவர் அவைக் காட்சியை மட்டும் இரண்டு முறை பாருங்கள். இரண்டாம் முறை, பேசுபவரை விட்டுவிட்டுக் கேட்பவர்களின் முகத்தைக் கவனியுங்கள்.