செஞ்சிக் கோட்டையைத் திரையில் ரசிப்பது எப்படி?

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்தவர்கள்கூட செஞ்சியைப் பாதிதான் பார்க்கிறார்கள். இடப்பக்கம் ராஜகிரி, வலப்பக்கம் கிருஷ்ணகிரி. தென்கிழக்கே சந்திரகிரி. இந்த மூன்று மலைகளையும் சுமார் 13 கிலோமீட்டர் மதில் முக்கோணமாக இழுத்துக் கட்டியிருப்பது சாலையிலிருந்து புரியாது. வீட்டுக் கணினியில் புரியும். கூகுள் எர்த் ப்ரோ போதும், காசு கிடையாது.

முதலில் நேர் மேலிருந்து மதில் ஓடும் தடத்தை மட்டும் கண்ணால் தொடருங்கள். பிறகு மவுஸின் நடு உருளையை அழுத்தி இழுத்தால் காட்சி சாயும், மலைகள் எழும்பும். உயரத்தை மிகைப்படுத்திக் காட்டவும் அதில் வசதி உண்டு. பார்க்க ஜோராகத்தான் இருக்கும், ஆனால் பொய். அளவை 1-லேயே வைத்துக்கொள்வது நல்லது.

இனிதான் சுவாரசியம். ராஜகிரி அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஒரு கோடு வரைந்து, அதன் மேல் வலது கிளிக் செய்து உயர விவரத்தைக் கேளுங்கள். அடியில் மலையின் பக்கவாட்டுத் தோற்றம் ஒரு வரைபடமாக விரியும். ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூஹெல் ஊரிலுள்ள ‘ஸ்ட்ரைஃப்’ பனிச்சறுக்குத் தடத்தையும் இதே முறையில் அலசலாம். அங்கே 3.3 கிலோமீட்டரில் 860 மீட்டர் இறக்கம். மிகச் செங்குத்தான இடத்தில் சரிவு 85 சதவீதம். டிவியில் அது சாதுவாகத் தெரியும். ராஜகிரியின் உயரம் சுமார் 240 மீட்டர்தான். ஆனால் இங்கே பார்க்க வேண்டியது வேறு: கோடு செங்குத்தாக நிற்கும் இடங்களில் காவல் வேலையைப் பாறையே செய்கிறது. மலைகளுக்கு இடையே கோடு படுத்துவிடும் சமதரையில்தான் சுமார் 60 அடி தடிமனுள்ள மதிலும் 80 அடி அகல அகழியும் தேவைப்பட்டன. மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690-இல் தொடங்கிய முற்றுகை 1698 வரை இழுத்ததற்கு ஒரு காரணம் இந்தச் சரிவுகளில் இருக்கிறது. ஒரு காரணம்தான். அதே கோட்டையை 1750-இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்துவிட்டார்!

வரைபடம் எல்லாவற்றையும் காட்டும் என்று நம்பிவிடக் கூடாது. 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் 11 நாட்கள் ரேடாரால் பூமியை அளந்தது. இப்படிப்பட்ட வரைபடங்கள் பலவற்றுக்கு அடிப்படை அந்த அளவீடுதான். அதில் சுமார் 30 மீட்டர் சதுரத்துக்கு ஒரே ஓர் உயரம். இஸ்ரோவின் கார்ட்டோசாட்-1 எடுத்த இரட்டைப் படங்களிலிருந்து உருவாகி, ‘புவன்’ தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவும் ஏறக்குறைய இதே அளவுதான்.

ராஜகிரி உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து கிடக்கிறது. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். மேலே ஒரு சிறு பாலம். அதை எடுத்துவிட்டால் உச்சிக்கோட்டை தனித் தீவு. கோட்டையின் கடைசிக் காவலான இந்தப் பிளவு 30 மீட்டர் சதுரம் ஒன்றுக்குள் அடங்கிவிடுவதால் உயரக் கோட்டில் ஒரு சின்ன நெளிவுகூட இருக்காது.

2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலக்காட்சிகளில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் செஞ்சி இடம்பெற்றது. அந்தப் பிளவைப் பார்க்க நேரில்தான் போக வேண்டும். திண்டிவனம், விழுப்புரம் இரண்டிலிருந்தும் பஸ் இருக்கிறது. பாறை சுடுவதற்குள் ஏறிவிடுங்கள்.